பழைய விளக்கும் புதிய விளக்கும்

இருளைப் போக்குவது விளக்கு என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயின், எவ்விளக்கு எவ்விடத்துக்கு ஏற்றது என்னும் வினாவுக்கு விடை காண்டல் அத்துணை எளிதன்று. அலாவுதீன் கதையைக் கேளாதார் நம்மில் இலர். பழைய விளக்கைக் கொடுப்போர்க்குப் புதிய விளக்குத் தருவேன் என்று தெருவிற் கூவிச் சென்ற மாயவித்தைக்காரனிடம் அரசகுமாரி தன் வீட்டுப் பழைய விளக்கைக் கொடுத்துவிட்டாள். அவ்விளக்கு என்ன வேலை செய்துவந்தது என்பது அவளுக்குத் தெரியாது. அதே கூவல் இந்நாளில் நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் கேட்கின்றது. எல்.இ.டி. என்னும் பெயரைக் கேட்ட அளவிலே நாம் பழைய குமிழைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுகின்றோம். அது தவறென்று கூற யாம் இக்கட்டுரையைத் தொடங்கவில்லை. பெரும்பாலான இடங்களில் புதியதே சிறந்தது. எந்த இடத்தில், எந்த நிபந்தனையோடு அது சிறந்தது என்பதை மட்டும், யாம் பிறந்து வளர்ந்த பாலாற்றங்கரைத் தோல் தொழில் வட்டாரத்தை வைத்துச் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

இராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கொண்டது இவ்வட்டாரம். முன்னே ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டமாயிருந்தது. 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் இரு புது மாவட்டங்கள் தோன்ற, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரைச் சேர்ந்தன. மாவட்டங்கள் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு குழிகளில் ஊறவைத்துப் பதனிட்ட காலத்தில் பொழுது சாய்ந்தால் பணியும் சாயும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னையில் குரோமியப் பதனீட்டு முறையைச் சோதித்துப் பரப்ப முயன்றார். அம்முறை காலப்போக்கில் வேரூன்றியது. குழியின் இடத்தைச் சுழலும் மரப்பீப்பாய் பெற்றது. பீப்பாயினுள் நிகழும் இரசாயன மாற்றம் கதிரவன் வரவுக்குக் காத்திராது. ஆகவே இரவு வேலையும், அவ்வேலைக்குரிய விளக்கும் இன்றியமையாதன ஆயின.

விளக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். மாட்டு வண்டியின் அச்சுக்கட்டையின் கீழ்த் தொங்கிய லாந்தரையும், திருமண ஊர்வலத்தில் தலைமேற் சுமக்கப்பட்ட பெட்ரோமாக்ஸையும் முதியோர் நினைவுகூர்வர். பெட்ரோமாக்ஸில் ஒளிரும் வலைக்கு மூலமான கண்டுபிடிப்பு 1885-ஆம் ஆண்டில் கார்ல் அவுவர் என்னும் ஆஸ்திரிய இரசாயன அறிஞருடையது. எடிசனின் இழை விளக்கு 1879-ஆம் ஆண்டினது. அவ்விழை விளக்கினுள் ஹாலஜன் வாயுவைச் சிறிது சேர்த்து ஒளியையும் ஆயுளையும் பெருக்கிய ஹாலஜன் விளக்கு 1959-இல் வெளிவந்தது. ஒளி உமிழும் டையோடு என்னும் எல்.இ.டி. 1962-இல் சிவப்பு ஒளியோடு தோன்றியது. நீல ஒளி தரும் டையோடு கிடைத்தாலன்றி வெள்ளை ஒளி கிட்டாதாகையால், உலகம் முப்பது ஆண்டு காத்திருந்தது. அந்நீல ஒளியைத் தந்த அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவர்க்கும் 2014-இல் பௌதிக நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மறு ஆண்டு சனவரியில் இந்திய அரசு உஜாலா என்னும் திட்டத்தைத் தொடங்கி மலிவு விலையில் எல்.இ.டி. குமிழ்களைப் பரப்பியது. வீட்டுக்கு வந்த விளக்கு விரைவிலே தொழிற்சாலைக்கும் லாரிக்கும் சென்றது.

புதிய விளக்கின் மேன்மைகளை முதலிற் கூறுதல் நேர்மையாகும். சாதாரண இழை விளக்கு ஒரு வாட் மின்திறனுக்கு 10 முதல் 15 லூமன் ஒளியும், ஹாலஜன் ஏறக்குறைய 20 லூமனும் தருகின்றன, நல்ல எல்.இ.டி.யோ 100 லூமனுக்கு மேல் தருகின்றது. 500 வாட் ஹாலஜன் செய்யும் வேலையை 100 வாட் எல்.இ.டி. செய்துவிடும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் எரிப்பதாகக் கொண்டால், முன்னது 1500 யூனிட் மின்சாரத்தையும் பின்னது 300 யூனிட்டையும் விழுங்கும். ஒரு விளக்கில் மிச்சம் 1200 யூனிட். அன்றியும், ஹாலஜன் குமிழின் கண்ணாடி 250 பாகை சென்டிகிரேடுக்கு மேற் காய்ந்திருக்கும். ஈரத் தரையில் தெறிக்கும் நீர் பட்டால் வெடிக்கும். கை பட்டால் சுடும். சோடிய ஆவி விளக்கோ, மின்சாரம் ஒரு நொடி நின்று மீண்டாலும், குளிர்ந்த பின்னரே மறுபடி எரியும். அதுவரை பணியாளர் இயந்திரங்களுக்கு நடுவே இருளில் நிற்கவேண்டும். இக்குறைகள் எல்.இ.டி.க்கு இல்லை. குலுங்கும் வண்டியில் அறுந்துபோகும் இழையும் அதில் இல்லை.

நிற்க. விற்பனையாளர் உறையின்மேல் அச்சிட்டுள்ள 50,000 மணி ஆயுளை நம் வட்டாரத்தில் அப்படியே நம்புதல் கூடாது. எல்.இ.டி. ஒளியோடு வெப்பத்தை முன்னே வீசுவதில்லை. தன் முதுகுப்புறத்தில் தேக்குகின்றது. அவ்வெப்பத்தை வெளியேற்ற அலுமினியத் தகடு வேண்டும். வேலூரின் சித்திரை வெயிலில், தகரக் கூரையை ஒட்டித் தொங்கும் மலிவு விளக்கின் மின்சுற்று வெந்து போகும். டையோடு பிழைத்திருக்க, அதற்கு மின்சாரம் அளிக்கும் டிரைவர் என்னும் உறுப்பு முதலில் மடியும். இன்னொரு பகையும் உண்டு. தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கும் கூடத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிதேனும் உலவும். வெள்ளிக் கொலுசைக் கறுக்கச் செய்வது கந்தகம் கலந்த இவ்வாயுவே. பல எல்.இ.டி.க்களின் உள்ளே ஒளியைத் திருப்பி வீசுவதற்கு வெள்ளி பூசிய தகடு உள்ளது; அதுவும் கொலுசைப் போலவே கறுக்கும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும், ஒளி மட்டும் திங்களுக்குத் திங்கள் தேயும். ஆதலின் அக்கூடத்துக்கு வாயு புகாவண்ணம் மூடி முத்திரையிட்ட விளக்கையே கேட்டு வாங்கவேண்டும்.

இனி நிறத்தைக் காண்போம். ஆம்பூரில் எமக்கு நெடுநாட் பழக்கமுள்ள முதியவர் ஒருவர், முடிந்த தோலைத் தரம் பிரிக்கும் பணியில் நாற்பது ஆண்டு கழித்தவர். அவர் பணிசெய்த சாலையில் பழைய விளக்குகளை மாற்றி எல்.இ.டி. பொருத்திய சில மாதங்களில், செம்பழுப்பு நிறத் தோல்கள் நிறம் ஒவ்வாமையால் திரும்பி வரத் தொடங்கின. பெரியவருக்கு வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது என்று மேலாளர் முடிவு செய்தார். யாம் அவரைக் காணச் சென்றபோது, அவர் இரண்டு துண்டுத் தோலை மேசைமேல் வைத்துக் காட்டினார். வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. அவற்றை எடுத்துக்கொண்டு வாயிலுக்கு நடந்தார். பகலொளியில் ஒன்று சிவந்தும் மற்றொன்று மஞ்சளித்தும் நின்றன.

“விளக்குக்குக் கீழே அண்ணன் தம்பி, வாசலுக்கு வந்தால் யாரோ எவரோ. என் கண்ணைக் குறை சொல்கிறார்கள், தம்பி, விளக்கைக் கேட்பார் இல்லை” என்றார்.

அவர் கூற்று அறிவியலுக்கு முற்றும் பொருந்துவதே. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; அதன்மேற் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெண்மையாய்த் தோன்றுகின்றன. மலிவான வகையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. இல்லாத சிவப்பைத் தோல் திருப்பி அனுப்புவதெங்ஙனம்? இழை விளக்கு மஞ்சளித்த ஒளியேயாயினும் அதில் எல்லா நிறமும் இடையறாது உண்டு. அதன் நிறங்காட்டும் எண் ஏறக்குறைய 100. சோடிய விளக்கின் எண் 25-ஐ ஒட்டியது, மலிவு எல்.இ.டி.யின் எண் 70 அல்லது 80. ஐரோப்பிய நெறியில், தோலின் வண்ணம் சோதிக்கும் இடத்துக்கு 1000 லக்ஸ் ஒளியும், குறைந்தது 90 என்னும் நிறங்காட்டும் எண்ணும் வேண்டப்படுகின்றன. உறையில் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதைப் பகலொளிக்குச் சான்றாகக் கொள்வோர் பலர். அவ்வெண் ஒளி எத்துணை வெளுப்பானது என்று மட்டுமே கூறும். அதனுள் எந்நிறம் உண்டு, எந்நிறம் இல்லை என்று கூறாது.

அப்படியாயின் பகலொளியையே நம்பலாகாதோ என வினவலாம். வடக்குச் சாளரத்தின் ஒளியில் நிறம் பார்க்கவேண்டும் என்பது மேல்நாட்டு மரபு. அங்கே வடக்குச் சாளரத்தில் நண்பகல் வெயில் ஒருபோதும் நுழையாது. நம் வேலூரோ ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் கதிரவன் நமக்கு வடக்கேதான் நிற்கின்றான். ஐப்பசி அடைமழையிலோ பகலே மங்கிக் கிடக்கும். ஆகவே நல்ல விளக்கு வேண்டுமென்பதில் ஐயமில்லை. அச்சாலையில் எமது வேண்டுகோளின்படி, நிறங்காட்டும் எண் 95 உடைய எல்.இ.டி. விளக்கொன்றைத் தரம் பிரிக்கும் மேசைக்கு மேல் மட்டும் தொங்கவிட்டார்கள். விளக்கின் கீழும் அவ்விரு துண்டுகள் வெவ்வேறாய்த் தோன்றின. மேலாளர் அவற்றைத் தம் கையாலேயே நான்கு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாது சென்றார். மேசை முதியவருக்கே நின்றது. புதிய விளக்கின் குறையைப் புதிய விளக்கே தீர்த்தது. வாங்கும்போது கேட்கவேண்டிய வினாவைக் கேட்டமையே வேறுபாடு.

இயந்திரக் கூடத்துக்குரிய வினா வேறு. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அலைவது. அதனால் விளக்கின் ஒளி நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். இழை, சூடு ஆறுவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடுவதால், பெரிதும் மங்குவதில்லை. எல்.இ.டி.க்கு அத்தகைய சூட்டு நினைவு கிடையாது. டிரைவர் மட்டமானதாயின் நூறு முறையும் அணைந்தே எரியும். தோலை ஒரே கனமாகச் சீவும் இயந்திரத்தின் உருளை நிமிடத்துக்கு 1500 முறை சுழல்வதாகவும், அதில் இருபது அலகுகள் இருப்பதாகவும் கொள்வோம். ஓர் இடத்தை நொடிக்கு 500 அலகு கடக்கும். ஐந்நூறு நூறின் ஐந்து மடங்காகையால், ஒவ்வொரு மின்னலிலும் அலகு அதே இடத்தில் நிற்பதாய்க் கண் கொள்ளும். சுழலும் உருளை நின்றதுபோல் தோன்றும். நின்றதென்று எண்ணிக் கை நீட்டியவன் கதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பழைய குழல் விளக்குகளிலும் இத்தீமை இருந்தது. அடுத்தடுத்த விளக்குகளை மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளில் இணைத்து முன்னோர் அதனைத் தணித்தனர். சோதிக்கும் வழி எளிது. விளக்கின் கீழ் ஒரு பென்சிலை விரைந்து ஆட்டுக. தொடர்ந்த விசிறி போல் தோன்றின் நன்று. பல பென்சில்கள் தனித்தனியே தோன்றின் அவ்விளக்கை இயந்திரத்தருகே மாட்டற்க.

சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு வருவோம். பதனிட்ட தோலும் தைத்த செருப்பும் இரவிலேயே சென்னைத் துறைமுகத்துக்குப் புறப்படுகின்றன. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவுக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் யாம் தங்கியபோது, லாரி ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியின் ஹாலஜன் குமிழைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பொருத்தியிருந்ததைக் கண்டு காரணம் கேட்டோம். “எதிரே வருகிறவன் என் கண்ணைக் குருடாக்குகிறான், ஐயா, அதனால் நானும் போட்டேன்” என்றார். அவர்க்கு எதிரே வருபவர் நாளை அதே காரணத்தைக் கூறுவார். ஹாலஜன் குமிழின் இழை சிறு கம்பித் துணுக்கு. முகப்பு விளக்கின் கிண்ணம் அவ்விழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டே வார்க்கப்பட்டது. அப்புள்ளியில் இருபுறமும் தட்டையான எல்.இ.டி.யைச் செருகினால் கிண்ணத்தின் கணக்குப் பிழைபடும். தரையில் விழவேண்டிய ஒளி எதிரே வருபவர் முகத்தில் விழும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கூசிய கண் தெளிய மூன்று நொடியே ஆனாலும், அதற்குள் 66 மீட்டரை ஓட்டுநர் குருடராகவே கடக்கின்றார். எல்.இ.டி.க்கென்றே வடிக்கப்பட்ட முகப்பு விளக்கில் இக்குறை இல்லை. பழைய கிண்ணத்தில் புதிய குமிழே தீங்கு.

சரக்கு ஏற்றவும் இறக்கவும் லாரிக்கும் டிராக்டருக்கும் பின்னே பொருத்தும் பணி விளக்கில் எல்.இ.டி.யின் வெற்றி ஐயத்துக்கு இடமற்றது. 12 வோல்ட் பாட்டரியில் 55 வாட் ஹாலஜன் நான்கு எரிந்தால் 18 ஆம்பியர் வேண்டும். அதே ஒளி தரும் 18 வாட் எல்.இ.டி. நான்குக்கு 6 ஆம்பியர் போதும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெடுநேரம் சரக்கு இறக்கினாலும் பாட்டரி காலியாகாது. ஆனால் அவ்விளக்கை அணைக்க மறந்து சாலையில் ஓட்டும்போது, பின்னால் வருபவர் கண்ணில் வெள்ளொளி பாய்கின்றது; முன்னே செல்லும் வண்டியை எதிரே வரும் வண்டியென மயங்குகின்றார். அச்சுக்கட்டையின் கீழ்த் தொங்கிய லாந்தர் மங்கலானதே. எனினும் அது தன் மாட்டுக்கு வழியையும் பிறர்க்கு வண்டியையும் காட்டிற்று, ஒருவர் கண்ணையும் பறிக்கவில்லை. அக்குணத்தைப் புதிய விளக்குக்கும் கற்பித்தல் நம் கடமை. வண்டி நகர்ந்த அளவில் பணி விளக்கு தானே அணையுமாறு சுவிட்சை அமைத்தல் எந்த மின்பணியாளர்க்கும் எளிய வேலையே.

இறுதியாக, இவ்வட்டாரத்தில் விளக்கு இறக்கப்படும் இடங்களிலெல்லாம் கொடிய இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது கழிவுநீர்த் தொட்டி. அதனுள் இறங்கியோர் மீளாத செய்தியை நம் வட்டார நாளிதழ்கள் ஒரு முறையன்று, பல முறை வெளியிட்டுள்ளன. சல்பைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது காற்றினும் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் உடையதாயினும், பத்து லட்சத்தில் 100 பங்கு அளவிலேயே மூக்கின் உணர்ச்சியை அழித்துவிடும். 1000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சில் மனிதன் வீழ்வான். இன்னும் மிக்கு நூற்றுக்கு நான்கு பங்கை எட்டினால் தீப்பற்றும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தக்க காப்பின்றி 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைத் தொட்டியினுள் கொண்டுபோகலாகாதென்றும், எரிவாயு இருக்கக்கூடிய இடத்தில் தீப்பற்றாத அமைப்புடைய விளக்கே ஆகுமென்றும் விதித்தது இதனாலேயே. இங்கும், குளிர்ந்த எல்.இ.டி. சுடுகின்ற ஹாலஜனினும் மேலானது. ஆயினும் அதுவும் வெடிப்புக் காப்புச் சான்று பெற்றதாயிருத்தல் வேண்டும்.

ஆனால் ஒன்று. பாழ்ங்கிணற்றில் இறங்குமுன் நம் ஊரார் எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பர். அது அணைந்தால் இறங்கார். பழைய விளக்கு காட்சியோடு எச்சரிக்கையும் தந்தது. புதிய விளக்கு காற்றை உண்ணாது. மனிதன் மாளும் காற்றிலும் அதே வெண்ணகையோடு ஒளிரும். ஆதலின் பழைய சுடரை மீண்டும் இறக்கலாமோ எனின், அதுவும் தகாது. சுடர் அணைவது உயிர்க்காற்றுக் குறைந்தபோது. ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு கலந்த காற்றில் அது அணையாது எரியும், அளவு மிக்கால் தொட்டியையே கொளுத்தும். விளக்கு இரண்டும் கைவிட்ட இவ்விடத்தில் காற்றை அளக்கும் கருவி ஒன்றே துணை. ஒரு சாலையில் மேற்பார்வையாளர் ஒருவர் தொட்டிக்கென வாங்கிய புதிய கைவிளக்கை எமக்குப் பெருமையோடு காட்டி, “இனி இருட்டு என்ற பேச்சே இல்லை” என்றார். வாயு அளக்கும் கருவி எங்கே என்று கேட்டோம். அலுவலக அலமாரியில் இருப்பதாகவும், அதன் பாட்டரி தீர்ந்து சில வாரங்கள் ஆயின என்றும் மறுமொழி வந்தது. அன்று தொட்டியருகே நின்றிருந்த இரு இளைஞரும் அவ்விளக்கை நம்பியே இறங்க இருந்தனர். கருவி உயிர்பெறும்வரை இறங்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அவர்கள் அன்று இறங்கவில்லை.

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? விளக்கை வாங்குபவர் ஒருவர். அதன் ஒளியில் கண்ணையும் கையையும் உயிரையும் ஒப்படைப்பவர் வேறொருவர். வாங்குபவர் விலையையும் வாட்டையும் பார்க்கின்றார். அவர் ஒருமுறை தரம் பிரிக்கும் மேசையின் முன்னும், சீவும் இயந்திரத்தின் பக்கத்திலும், எதிரே வரும் ஓட்டுநரின் இருக்கையிலும், தொட்டியின் விளிம்பிலும் நின்று பார்ப்பாராயின், எந்த எல்.இ.டி. வேண்டுமென்பது அவர்க்கே புலனாகும்.

நம் கல்லூரி மாணவருட் பலர் இத்தொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து வருபவர். கோடை விடுமுறையில் ஊர் சென்றதும், தந்தையோ தமையனோ பணிசெய்யும் விளக்கின் கீழ்ப் பென்சிலை ஆட்டிப் பார்க்கட்டும். ஒரு துண்டுத் தோலை விளக்கிலும் வாயிலிலும் வைத்து ஒப்பிடட்டும். சாலை நடத்தும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். ஒரு விளக்கை மாற்றினால் ஆண்டுக்கு 1200 யூனிட் மிஞ்சுமென்று முன்னர்க் கணக்கிட்டோம். அம்மிச்சத்தின் முதற் பங்கு தொட்டியருகே தொங்கவேண்டிய வாயு அளக்கும் கருவிக்கும், அதன் பாட்டரிக்கும் உரியதாகுக.